காயலான் கடை ஆல்டர்னேட்டர்: வாங்குமுன் அளக்க வேண்டியவை, வாங்கியபின் மாற்ற வேண்டியவை

கேள்வி: என்னிடம் 13 வயதான பெட்ரோல் கார் இருக்கிறது. ஒரு மாதமாக, வண்டி ஓடும்போதே பேட்டரி விளக்கு எரிகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் பல நாள் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் இரண்டுமே போய்விட்டன, புதிது போடுங்கள் என்கிறார் மெக்கானிக். இப்போது அதற்கு வசதிப்படாது. காயலான் கடையில் எடுத்து நானே செப்பனிட்டுப் போடலாம் என்று நினைக்கிறேன். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு, மல்ட்டிமீட்டரும் வைத்திருக்கிறேன். இடது ஹெட்லைட்டின் காது உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். அதையும், இறுகிப்போன பின் பிரேக் காலிப்பர் ஒன்றையும், இழுத்தால் திரும்பச் சுருளாத டிரைவர் சீட் பெல்ட்டையும் அங்கேயே எடுத்துவிடலாமா?

பதில்: ஆல்டர்னேட்டரை எடுக்கலாம். ஹெட்லைட்டை எடுக்கலாம். காலிப்பரை ஒரு நிபந்தனையோடு எடுக்கலாம். சீட் பெல்ட்டை எடுக்கவே கூடாது. செல்ஃப் மோட்டாரோ உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாவிட்டால் பேட்டரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். இறங்கிய பேட்டரியால் செல்ஃப் மோட்டாரின் மின்காந்த ஸ்விட்சான சோலனாய்டை இழுக்க முடியும், மோட்டாரைச் சுழற்ற முடியாது. அந்த 'டக்' ஒலி அப்படித்தான் வருகிறது. ஆகவே கடைக்குப் போகுமுன், பேட்டரியை வெளிச் சார்ஜரில் இரவு முழுக்க ஏற்றுங்கள். சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். பிறகு மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் ஈயக் கட்டைகளிலேயே வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். வண்டி விறுவிறுவென்று சுற்றிக் கிளம்பினால் செல்ஃப் மோட்டாரில் குறையில்லை. சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மீது. பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேலேயே நிற்க 'டக்' மட்டும் கேட்டால்தான் சோலனாய்டின் உள்தொடுமுனை, சுழலும் பகுதிக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன், அல்லது கேபிளும் எர்த்தும். இந்தக் கடைசி நிலை வந்தால் மட்டும் செல்ஃப் மோட்டாரைக் கீழே இறக்குங்கள்.

ஆல்டர்னேட்டர் மீதும் உடனே பழி போட வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னாலுள்ள தடித்த வயர் போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் இடையிலுள்ள வயரோ, பெரிய ஃபியூஸோ, துருவேறிய முனையோ வோல்ட்டைத் தின்கிறது. அடுத்து ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளங்கள், 0.2-க்குள் இருக்க வேண்டும். பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்குகிறது. ஆல்டர்னேட்டர் போல்ட்டில் 14 வோல்ட் இருந்தும் பேட்டரியில் 12.5 மட்டுமே இருந்தால், எத்தனை ஆல்டர்னேட்டர் மாற்றினாலும் குறை தீராது. ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'வண்டி நிற்கிறதா பார்' என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் உண்டு. பேட்டரியின் அணைப்பு போனதும் வோல்ட் ஒரு கணம் எகிறி, ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் சுட்டுவிடும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு குறை ஆல்டர்னேட்டரில்தான் என்று தெரிந்தால், அதைக் கழற்றி முதலில் உங்களுடையதையே திறந்து பாருங்கள். இந்த வயதில் அடிக்கடி போவது கார்பனும், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும்தான். பல வகைகளில் இரண்டும் ஒரே துண்டாகப் பின்மூடிக்குக் கீழே இரண்டு மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். புதிய கார்பன் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 5-க்குக் கீழே தேய்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாமல் விட்டுவிட்டுத் தொடும், விளக்கும் விட்டுவிட்டு எரியும். அது மட்டுமே குறையென்றால் அந்தத் துண்டைப் புதிதாக வாங்கிப் போட்டு வேலையை முடித்துவிடலாம். ரோட்டர் (சுழலும் பகுதி), ஸ்டேட்டர் (அதைச் சுற்றி நிற்கும் கம்பிச் சுருள்), டயோடு தட்டு ஆகியவற்றில் ஒன்று போயிருந்தால்தான் காயலான் கடை.

போகும்போது பழைய ஆல்டர்னேட்டரை ஒரு சாக்கில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரே மாடல் காரிலேயே வருடத்துக்கு வருடம், ஏசி உள்ளது, இல்லாதது என்று ஆல்டர்னேட்டர் மாறும். உடம்பில் ஒட்டியோ பொறித்தோ இருக்கும் பாக எண் பொருந்தினால் கவலையில்லை. எண் அழிந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கைப் பாருங்கள்: பொருத்தும் காதுகளின் இடைவெளி, புல்லியில் உள்ள பள்ளங்களின் எண்ணிக்கையும் விட்டமும், வயரைச் செருகும் கப்ளரின் வடிவமும் பின்களும், ஆம்பியர் அளவு. ஆம்பியர் உங்களுடையதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. கப்ளர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சில கார்களில் ரெகுலேட்டரை எஞ்சின் கம்ப்யூட்டரே கட்டளை கொடுத்து நடத்துகிறது. பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் உள்ளே பேசும் மொழி வேறாக இருந்தால் விளக்கு எரிந்தபடியே இருக்கும். புல்லியின் விட்டம் மட்டும் வேறானால், உங்கள் பழைய புல்லியையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

எந்தக் காரிலிருந்து எடுக்கிறோம் என்பது பாகத்தைப் பார்ப்பதற்கு முந்தைய சோதனை. பின்பக்கம் அடிபட்டு வந்த காரின் முன்பக்கம் அன்றுவரை ஓடிக்கொண்டிருந்த ஒன்று. ஆல்டர்னேட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் அதைத்தான் தேட வேண்டும். முன்பக்கம் நசுங்கியதில் ஆல்டர்னேட்டர் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் காதில் மயிரிழைக் கீறல் இருக்கக்கூடும். எஞ்சின் உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுபோய் வந்த கார் பரவாயில்லை. ஆல்டர்னேட்டருக்கு மேலே எண்ணெய் ஒழுகியிருந்தால் விட்டுவிடுங்கள், எண்ணெயில் ஊறிய கார்பன் தன் கூட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளத்தில் மூழ்கிய காரில் மின்பாகம் எதையும் தொடாதீர்கள். மேலே கழுவித் துடைத்திருந்தாலும் மூன்று இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும்: சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்தால் அடியில் வண்டல் கோடு, தரை விரிப்புக்குக் கீழே மணல், கப்ளரைப் பிரித்தால் பின்களில் பச்சைப் பூப்பு.

கருவிகளை அங்கே இரவல் கேட்கும்படி போகாதீர்கள். 8 முதல் 19 மில்லிமீட்டர் வரை சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், நெம்ப ஒரு நீளக் கைப்பிடி, டி20, டி25, டி30 டார்க்ஸ் முனைகள், துரு இளக்கும் எண்ணெய், டார்ச், மல்ட்டிமீட்டர், தடித்த கையுறை, போல்ட் போட்டுக் கட்டச் சிறு பைகள். இவை போதும். ஜாக்கியிலோ வெறும் ரிம் மீதோ நிற்கும் காருக்குக் கீழே தலையை நுழைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கார்களில் ஏறாதீர்கள். ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் கண்ணில் பட்டால் அது ஹைபிரிட் அல்லது மின்கார், கிட்டவே போக வேண்டாம். மஞ்சள் நிறக் கப்ளர் பெரும்பாலும் ஏர்பேக்கின் வயர். அதில் மீட்டரை வைத்து அளப்பதுகூட ஆபத்து.

அந்தக் காரில் பேட்டரி இருந்தால் முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் எந்த ஸ்விட்சும் இல்லாமல் நேராக பேட்டரியோடு சேர்ந்தது. ஸ்பானர் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். பெல்ட் போகும் வழியைப் படம் எடுத்துக்கொண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்துங்கள். கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காமல் நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். அதோடு, கப்ளருக்குப் பின்னால் 15 சென்டிமீட்டர் வயர் விட்டு வெட்டிக் கப்ளரையும் எடுத்துவிடுங்கள். 13 வருட வெப்பத்தில் உங்கள் காரின் கப்ளர் நொறுங்கும் நிலையில் இருக்கும், தனியாகக் கிடைப்பது அரிது. இறுகிய போல்ட்டுக்கு எண்ணெய் அடித்துக் கால் மணி நேரம் விட்டு, முதலில் மயிரளவு இறுக்கும் பக்கம் திருப்பிப் பிறகு தளர்த்துங்கள். துரு உடைவது அந்த முதல் அசைவில்தான். கழற்றும் பக்கமே முழு பலத்தையும் போட்டால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். போல்ட், நட், வாஷர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி எடுத்து வாருங்கள்.

காசு கொடுக்குமுன் அங்கேயே நான்கு நிமிடச் சோதனை. புல்லியைக் கையால் சுற்றுங்கள். மெல்லிய உரசல் இயல்பு, அது கார்பன். கரகரவென்ற கல் அரைக்கும் உணர்வு பேரிங். பேரிங் மட்டும் போயிருந்தால் அதற்காக ஒதுக்க வேண்டாம், எப்படியும் மாற்றத்தான் போகிறோம். புல்லியை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கும்போது ஆடினால் மட்டும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், பேரிங் உட்காரும் குழியே தேய்ந்திருக்கும். புல்லியின் முகத்தில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அது ஒருவழிப் புல்லியாக இருக்கலாம். உள் அச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் ஒரு பக்கம் வழவழவென்று ஓட வேண்டும், மறுபக்கம் உடனே பிடிக்க வேண்டும். இரு பக்கமும் ஓடினாலும் இரு பக்கமும் பிடித்தாலும் புல்லி போய்விட்டது. கடைசியாக மீட்டரை டயோடு நிலையில் வைத்து, கறுப்பு முனையைத் தடித்த போல்ட்டிலும் சிவப்பை உடம்பிலும் தொடுங்கள். ஏதோ ஒரு எண் வரும். முனைகளை மாற்றினால் எண் வரக் கூடாது. இரு பக்கமும் சுழி அருகே காட்டினால் டயோடு சுட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. இது மேலோட்டமான சோதனைதான். ஒரு டயோடு எந்தப் பக்கமும் மின்சாரம் விடாமல் அறுந்துபோயிருந்தால் இதில் தெரியாது, அதை வீட்டில் பிரித்தபின்தான் பிடிக்க முடியும். அதனால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதைப் பேசிக்கொண்டு, பாகத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு இருவரும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு வேலை. இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். காயலான் கடைப் பாகம் ஆறு மாதத்தில் போய்விட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதை வாங்கிய நிலையிலேயே பொருத்தியவர்கள்.

முன், பின் மூடிகள் இரண்டும் சேரும் இடத்தில் குறுக்காக ஓர் ஆணிக் கோடு கிழியுங்கள். அது இல்லாமல் பிரித்தால் திரும்பச் சேர்க்கும்போது காது தவறான கோணத்தில் நிற்கும். பின் பிளாஸ்டிக் மூடியையும் ரெகுலேட்டர்-கார்பன் துண்டையும் கழற்றிவிட்டுத்தான் நான்கு நீள போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கார்பன் உள்ளே இருக்கும்போதே ரோட்டரை உருவினால் அது ஒடிந்துவிடும். சில வகைகளில் கார்பன் உள்ளேயே இருக்கும். அவற்றின் பின்மூடியில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று காணப்படும். திரும்பப் பொருத்தும்போது கார்பனை உள்ளே அழுத்தி, அந்தத் துளை வழியாக ஒரு கம்பியை விட்டுப் பிடித்துக்கொண்டு, ரோட்டர் உட்கார்ந்ததும் கம்பியை உருவ வேண்டும்.

ரோட்டரைக் கையில் எடுத்ததும் பின் முனையிலுள்ள இரண்டு செம்பு வளையங்களை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல வளையம் பழுப்பு மினுமினுப்போடு சமமாக இருக்கும். தேய்ந்த வளையத்தில் கார்பன் ஓடிய இடம் வாய்க்கால்போல் குழிந்து, இரு கரையும் உயர்ந்திருக்கும். நகத்தை மெல்ல இழுத்தால் கரையில் தட்டும். லேசாகத் தட்டினால் 600 எண் உப்புத்தாளைப் பட்டையாக வெட்டி வளையத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ரோட்டரைச் சுழற்றித் தேயுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் குழிந்திருந்தால் வளையத்தையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கார்பன் அந்தக் கரையில் ஏறி உட்கார்ந்து சீக்கிரம் ஒடியும். அளவு பார்க்கும்போது மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே பெரும்பாலும் 2 முதல் 4 ஓம் வரை வரும். வளையத்துக்கும் அச்சுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. எண் வந்தால் அந்த ரோட்டர் எர்த் ஆகிவிட்டது, வீட்டில் வைத்தியமில்லை.

ஸ்டேட்டரின் கம்பிச் சுருள் ஒரே நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பகுதி மட்டும் கருகியிருந்தால் அந்தச் சுருளுக்கான டயோடு முன்பே ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். சுருளிலிருந்து இரும்பு வளையத்துக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. டயோடுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க, ஸ்டேட்டர் முனைகளை டயோடு தட்டிலிருந்து பிரிக்க வேண்டும். இதற்குச் சிறு சால்டரிங் அயர்ன் ஆகாது. அலுமினியத் தட்டு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 60 முதல் 100 வாட் உள்ளதை வைத்து ஐந்தாறு நொடிக்குள் வேலையை முடியுங்கள். அதற்கு மேல் சுட்டால் டயோடே கெடும். ஒவ்வொரு டயோடும் ஒரு பக்கம் 0.4 முதல் 0.7 வோல்ட் காட்டி, மறுபக்கம் எதுவும் காட்டாமல் இருக்க வேண்டும். ஆறில் ஒன்று போனாலும் தட்டு முழுவதையும் மாற்றுவதே சரி. உங்கள் பழைய ஆல்டர்னேட்டரில் தட்டு நன்றாக இருந்தால் அதையே இங்கே போடலாம். இரண்டிலிருந்து ஒன்று செய்வது இந்த வேலையில் சகஜம்.

இரண்டு பேரிங்குகளையும் நல்லதா கெட்டதா என்று பார்க்காமலே மாற்றுங்கள். எண் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும், முன்பக்கம் 6303 என்பதுபோல. அதே எண்ணில், இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதாக, வேகத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற சி3 இடைவெளியோடு கேளுங்கள். பின் பேரிங்கைப் புல்லரால் உருவி, புதியதை அச்சின் மேல் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் பட வேண்டும். முன் பேரிங்கை மூடியின் குழியில் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும். இதை மாற்றிச் செய்தால் குண்டுகள் வழியாக அடி இறங்கி, பொருத்திய அன்றே பள்ளம் விழுந்துவிடும். ஒரு வாரத்தில் விசில்போல் ஒலி வருவது இதனால்தான். சரியான அளவுச் சாக்கெட் ஒன்றை வைத்து வைஸில் மெல்ல நெருக்குவதே போதும், சுத்தியல் வேண்டாம்.

உள்ளே சேர்ந்த கார்பன் தூளை உலர்ந்த பிரஷ்ஷாலும் மின்தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேயாலும் போக்குங்கள். டீசலிலோ பெட்ரோலிலோ முக்கினால் சுருளின் வார்னிஷ் கரையும். மூடிகளின் காற்றுத் துளைகளில் அடைத்த மண்ணைக் குத்தி எடுங்கள், டயோடைச் சூட்டில் கொல்வது பாதி அந்த மண்தான். புதுக் கார்பனோடு சேர்த்துப் பூட்டியபின் கையால் சுற்றினால் எங்கும் தட்டாமல் ஓட வேண்டும்.

பொருத்தும்போது பலர் திணறுவது ஒரே இடத்தில். அடைப்பில் நுழைய மாட்டேன் என்று ஆல்டர்னேட்டர் அடம்பிடிக்கும். காதில் உள்ள இரும்புப் புஷ் போல்ட் இறுகும்போது உள்ளே நகர்ந்து இடைவெளியைக் குறைத்திருக்கும். அதை வைஸில் வைத்து இரண்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளிவிட்டால் தானாக உட்காரும். நெம்பித் திணித்தால் அலுமினியக் காது ஒடியும்.

பேட்டரியை முன்பே முழுதாக ஏற்றியிருக்க வேண்டும். வற்றிய பேட்டரியை நிரப்பும் வேலையைப் புதிதாகச் செப்பனிட்ட ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டினால் முதல் நாளே அது கொதிக்கும். எஞ்சினைச் சுமார் 2000 சுற்றில் வைத்துப் பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி மின்விசிறி, பின் கண்ணாடிச் சூடேற்றி எல்லாம் போட்டாலும் 13.2-க்குக் கீழே இறங்கக் கூடாது. கம்ப்யூட்டர் நடத்தும் வகையில் எண் சற்று ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். 15-ஐத் தாண்டினால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள், ரெகுலேட்டர் சரியில்லை. பிறகு மீட்டரை ஏசி (மாறுதிசை) வோல்ட் நிலைக்கு மாற்றி அதே இடத்தில் அளங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஏதோ ஒரு டயோடு வேலை செய்யவில்லை. கடைசியாக, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து ஒழுகலைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கசியும் டயோடு பகலில் சார்ஜ் ஏற்றிவிட்டு இரவில் பேட்டரியைக் குடித்துவிடும்.

செல்ஃப் மோட்டாரை இறக்கத்தான் வேண்டும் என்றால், அதிலும் பழையதைத் திறந்த பிறகே கடைக்குப் போங்கள். சோலனாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தகடும் இரண்டு போல்ட் முகங்களும் கருகிக் குழிந்திருப்பதே பெரும்பாலான 'டக்' ஒலிக்குக் காரணம். தகட்டைப் புரட்டிப் போட்டு முகங்களை அரத்தால் சமன் செய்தால் சரியாகலாம். மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை 400 எண் உப்புத்தாளில் தேயுங்கள். எமரித் துணி கூடாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்திப் பட்டைகளைக் குறுக்கே சேர்த்துவிடும். பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்கா செம்பை விட அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். கடையில் வாங்குவதாக இருந்தால் எஞ்சினைச் சுற்றிவிடும் பல்சக்கரமான பெண்டிக்ஸில் பற்களின் எண்ணிக்கையை எண்ணுங்கள், அது ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் பிடிக்க வேண்டும். பேட்டரி கொடுத்துச் சோதிக்கும்போது வைஸில் இறுக்கிவிட்டே கொடுங்கள். கையில் பிடித்தால் உதறும் வேகத்தில் மணிக்கட்டு திரும்பிவிடும்.

ஹெட்லைட்டுக்கு வருவோம். உங்கள் விளக்கில் கண்ணாடி நன்றாக இருந்து காது மட்டும் உடைந்திருந்தால், நல்ல விளக்கைத் தேடாதீர்கள். முகம் நொறுங்கி, காது மூன்றும் முழுதாக உள்ள விளக்கைத் தேடுங்கள். அதை யாரும் சீண்ட மாட்டார்கள், அதனால் மலிவு. அந்தக் காதைச் சற்று அகலமாக அறுத்து உங்களுடையதில் ஒட்டலாம். பசையால் அல்ல. கூட்டின் பின்புறம் பாருங்கள், பிபி என்ற எழுத்துகள் பொறித்திருந்தால் அது பாலிப்ரோப்பிலீன், எந்தப் பசையும் நெடுநாள் பிடிக்காது. சால்டரிங் அயர்னால் இரு விளிம்பையும் உருக்கிச் சேர்த்து, மெல்லிய எஃகு வலைத்துண்டை மேலே வைத்துப் புதைத்து, மிச்சமான அதே கூட்டின் துண்டுகளை உருக்கி மேலே பூசுங்கள். விளக்கின் முகக் கண்ணாடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்; அதில் அசிட்டோன் ஒரு துளி பட்டாலும் வெடிப்பு ஓடும். முழு விளக்காகவே வாங்கினால் உள் வெள்ளிப் பூச்சு உரிந்ததையும் உள்ளே நீர்க்கோடு உள்ளதையும் தவிருங்கள். சாலையின் எந்தப் பக்கம் ஓடும் நாட்டுக்கானது என்பதையும் பாருங்கள், மாறினால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். மஞ்சளித்த முகத்தைத் தண்ணீர் விட்டு 800, 1500, 2000, 3000 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேய்த்து மெருகிட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கோட் அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளிக்கும். பழைய விளக்கைக் கழற்றுமுன் சமதரையில் சுவர் முன் நிறுத்தி, நேராக நிற்கும் வலது விளக்கின் லோ பீம் கோட்டை டேப்பால் குறித்துக்கொண்டால் இடதின் உயரத்தை அதற்கேற்ப அமைக்கலாம்.

பின் காலிப்பருக்கு நான் சொன்ன நிபந்தனை இது: அதை வெறும் வார்ப்பாக மட்டும் வாங்குங்கள், உள்ளிருக்கும் ரப்பர் எதையும் நம்பாதீர்கள். பிஸ்டனைக் காற்று கொடுத்து வெளியேற்றும்போது எதிரே ஒரு மரத்துண்டை வையுங்கள், விரலை அல்ல. ஹேண்ட் பிரேக் திருகு உள்ள பிஸ்டனாக இருந்தால் அதற்கான கருவியால் சுற்றித்தான் எடுக்க வேண்டும். சீல் உரசும் இடத்தில் பிஸ்டனில் துருக்குழி இருந்தால் பிஸ்டனும் புதிது. ரப்பர் சீல் தொகுதி, செம்பு வாஷர், பேட் எல்லாம் புதிது. சீலுக்கு ரப்பர் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிப் பிஸ்டன் மறுபடி இறுகும். இடதா வலதா என்பதைக் கவனமாகப் பாருங்கள், காற்றெடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். பக்கம் மாறிப் பொருத்தினால் நிப்பிள் கீழே போய்விடும், எத்தனை முறை காற்றெடுத்தாலும் பெடல் பஞ்சுபோலவே இருக்கும். உங்கள் கையில் பிரேக் வேலை புதிதென்றால், பூட்டியபின் ஓட்டுமுன் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

சீட் பெல்ட் மட்டும் வேண்டாம் என்பதற்குக் காரணம், அதை அளந்து பார்க்க வழியில்லை. விபத்தில் ஒருமுறை ஆளைத் தாங்கிய நாடா நீண்டு, தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சுருளின் அடியில் வெடிமருந்தால் இறுக்கும் அமைப்பு பல கார்களில் உண்டு. அது வெடித்ததா, வெடிக்கக் காத்திருக்கிறதா என்பதை மேலிருந்து சொல்ல முடியாது. ஏர்பேக், டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ், எரிபொருள் ஹோஸ் எல்லாவற்றையும் இதே காரணத்துக்காகத்தான் புதிதாக வாங்கச் சொல்கிறேன். ஆனால் உங்கள் பெல்ட்டின் குறைக்குப் புதிய பெல்ட்கூடத் தேவைப்படாமல் போகலாம். திரும்பச் சுருளாத பெல்ட்டுகளில் பெரும்பாலானவை அழுக்கால்தான் அப்படி ஆகின்றன. நாடாவை முழுதும் இழுத்துக் கிளிப் போட்டு நிறுத்தி, மிதமான சோப்பு நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். தோளுக்கு மேலே அது நுழையும் பிளாஸ்டிக் வளையத்தில் படிந்த பிசுக்கையும் எடுங்கள். நிழலில் ஒரு நாள் முழுதும் காய்ந்த பிறகே கிளிப்பை எடுத்து உள்ளே விடுங்கள். அதன் பிறகும் தயங்கினாலோ, நாடாவின் ஓரம் பிசிறியிருந்தாலோ, வெடுக்கென்று இழுக்கும்போது பூட்டாவிட்டாலோ, ஆல்டர்னேட்டரில் மிச்சமான பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குங்கள்.